விடியக்காலத்துக் கை

அந்த எடந்தான் ஐயா, முட்டிச் சில்லுக்கு உள்பக்கம். ஆமா, அங்கதான். அமுத்தினா பெருசா நோகல, மடக்கி நீட்டினாத்தான். கேட்டீங்களா சத்தத்த? கறகறன்னு கேக்குதா? லயத்து வரிசை வீட்டுல எல்லாரும் கேலி பண்றாங்க, அழகாயி வர்றா, அரவை மில்லும் கூடவே வருதுன்னு.

நாப்பத்தி நாலு. பாத்தா அம்பது சொல்லலாம், தோட்டத்துல எல்லாருக்கும் வயசு கூடத்தான் தெரியும். மலை ஏறும்போது ஒன்னும் இல்லீங்க. எறங்கும்போதுதான், அதுவும் முதுகுல மூட்டையோட எறங்கினா, ஒவ்வொரு அடிக்கும் ஆத்தா மகமாயின்னுதான் வாயில வருது. சாயங்காலம் காம்பராவுக்கு வந்து கால நீட்டி ஒக்காந்தேன்னா கொறஞ்சு போயிரும். மறுநா வேலைக்குப் போனா மறுபடி தொடங்கிரும்.

காலையில எந்திரிச்ச ஒடனயா? கொஞ்சம் புடிச்ச மாதிரி இருக்கும். அடுப்பப் பத்த வச்சு தேத்தண்ணி கொதிக்கிறதுக்குள்ள விட்டுரும். இந்த வலது கால் மட்டுந்தான். வெரல்லயா? இந்தா பாருங்க, நகத்துக்கிட்ட இருக்கிற கணுவுல மட்டும் கெட்டியா ஒரு முண்டு, எலும்பு மாதிரி. சூடும் இல்ல, வீக்கமும் இல்ல.

தேய்மானம். சரிங்க ஐயா, நானும் அதான் நெனச்சேன். சுடுதண்ணி ஒத்தடம், நோவு கூடினா பனடோல், மூட்டை தூக்கிட்டு எறங்கக் கூடாது. மூட்டை இல்லாம எறங்கினா கங்காணி என்னையவே மலைய விட்டு எறக்கிருவாரு, அது வேற கதை.

இல்லீங்க, இன்னும் ஒரு விசயம். தெரியும் ஐயா, வெளியில ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. எட்டு மணிக்கு நீங்க ஆஸ்பத்திரியில நிக்கணும், அதுவும் தெரியும். இருட்டோட வந்து ஒங்க வாசப்படியில குந்திக்கிட்டு மொத நம்பர் எடுத்தது இந்த மொழங்காலுக்காகவா? இந்தக் காலு இத்தன வருசம் கறகறன்னு கெடந்துச்சு, இன்னும் கெடக்கும். கதவ சாத்தட்டுமா? வேணாமா. சரி, தொறந்தே கெடக்கட்டும். நான் கொரல எறக்கிக்கிறேன்.

இன்னொருத்தரு நோவு ஐயா. அந்த மனுசன் இப்ப பெரிய இக்கட்டுல மாட்டிக்கிட்டு இருக்காரு, உசுருக்கே ஒலை வச்ச மாதிரி. அது என்னன்னு அப்புறம் சொல்றேன். மொதல்ல நோவக் கேளுங்க. கேட்டுட்டு, இது என்னைய மாதிரி தேய்மானமா, இல்ல வேறயான்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டு நிமிசம். எனக்கு வாய் கொஞ்சம் நீளந்தான், சுருக்கிச் சொல்றேன்.

எங்க லயத்துக்காரரு. பக்கத்து காம்பரா. பல்லேபொலைக்கு மேல கொறக்காமலைத் தோட்டம், கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, சின்னத் தோட்டம். மிளகும் ரப்பரும். அவரு பால் வெட்டுறவரு. ஒங்க யாழ்ப்பாணத்துப் பக்கம் ரப்பர் ஏது, அதனால சொல்றேன். ரப்பர் மரத்துல வெயில் ஏறிட்டா பால் நின்னு போயிரும். அதனால விடியமுந்தியே மலையில நிக்கணும். கத்திய வச்சு பட்டைய நூல் கணக்கா இழுக்கணும். கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலாப் போனா பால் வராது. கையி சொன்ன பேச்சு கேக்கணும்.

ஏன் ஐயா மொகம் மாறுது? யாழ்ப்பாணம்னு சொன்னதுக்கா? பேச்சுலயே தெரியுதே. நான் ஒன்னும் தப்பா கேக்கலீங்க. நோவத் தமிழ்ல சொல்றதுக்கு ஒரு டொக்டர் கெடச்சாரேன்னு நாங்க சாமி கும்புட்டுக்கிட்டு இருக்கோம்.

அந்த மனுசனுக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தி கையில தொடங்குச்சு. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி. இந்த வலது கையில எந்தக் கணு வீங்குதோ எடது கையிலயும் அதே கணு. நுனிக் கணு இல்ல, இந்தா, குத்துவோம்ல, அந்த மொட்டி. அப்புறம் நடு வெரலு. அப்புறம் மணிக்கட்டு. தொட்டுப் பாத்தா அவிச்ச கெழங்கு மாதிரி மெத்துன்னு இருக்கும், சூடு இருக்கும். வேலைக்குப் போன மனுசன் மத்தியானமே சாக்க விரிச்சுப் படுத்துக்கிருவாரு, ஒடம்பெல்லாம் அசதின்னு. சோறு எறங்கல. நல்லா மொத்தமா இருந்த ஆளு, சட்டை தொங்குது இப்ப.

காலையிலதான் ஐயா விசயமே. விடியக்காலம் எந்திரிச்சா கையி தொறக்காது. இப்படி, பாதி மூடின மாதிரி, கோழிக்காலு கணக்கா நிக்கும். தேத்தண்ணி கோப்பைய ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவுல வச்சுத் தூக்குவாரு. எனக்கு தண்ணி கொதிக்கிறதுக்குள்ள விட்டுருதுல்ல? அவருக்கு வெயில் லயத்துத் தகரத்துல பளிச்சுன்னு அடிக்கிற வரைக்கும் விடாது. பத்து மணி, சில நா பதினொன்னு. வேலை செய்யச் செய்யத்தான் அவருக்கு எளகும். எனக்கு ஒக்காந்தா சொகம், அவருக்கு ஒக்காந்தாத்தான் கேடு.

பால் வெட்டுற நேரத்துல மூடின கை, பால் நின்ன அப்புறம் தொறக்குது. எப்படிப்பட்ட தலையெழுத்து பாருங்க.

மரத்தையெல்லாம் காயப்படுத்துறான்னு கங்காணி கத்துனாரு. காலையில பேரு கூப்புடுற பெரட்டுல வச்சு, எல்லார் முன்னாலயும், கள்ள வருத்தம், நோவுன்னு நடிக்கிறான்னாரு. ஏன்னா மத்தியானம் பாத்தா மனுசன் வெறகு பொளந்துக்கிட்டு இருப்பாரு! கோயில் கூட்டத்துல தப்பு அடிப்பாரு! அப்ப யாரு நம்புவா? தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாகிட்டயும் போனாரு. அங்க எப்பப் போறது? வேலை முடிஞ்சுதான். அவரு ஒரு மணிக்குமேல கையப் பாத்தாரு, மடக்கச் சொன்னாரு, மடக்குனாரு. விரிக்கச் சொன்னாரு, விரிச்சாரு. நாப்பது தாண்டிருச்சுல்ல, எல்லாருக்கும் வர்றதுதான், தேய்மானம்னு சொல்லி ஒரு தைலம் குடுத்து அனுப்பிட்டாரு. அவரு மேல குத்தம் சொல்ல மாட்டேன் ஐயா. அவரு கண்டது பகல் கை. விடியக்காலத்துக் கைய அவரு காணவே இல்ல.

கண்டது நூருன்னிஸா மிஸ்ஸிதான். புள்ளைங்களுக்கு ஊசி போட வருவாங்களே, அந்த மிஸ்ஸி. எங்க லயத்துல ஒரு பொண்ணுக்கு இருட்டோட பிரசவ நோவு கண்டு ஓடி வந்தாங்க. தேத்தண்ணி குடுக்கலாம்னு கூப்புட்டப்ப இவரு கோப்பைய மணிக்கட்டால தூக்குறதப் பாத்துட்டு நின்னுட்டாங்க. ஒவ்வொரு மொட்டியா அமுத்திப் பாத்தாங்க. அவங்க அக்காவுக்கு இதே நோவாம், கண்டியில காட்டுறாங்களாம். இது தேய்ஞ்சு வர்றது இல்ல, உள்ளுக்குள்ள தீப்புடிக்கிற மாதிரி வேக்காடு, விட்டா கணுவெல்லாம் கோணிப்போகும், கண்டிக்குப் போங்க, ரத்தம் பாக்கணும்னு சொன்னாங்க.

நீங்க என்ன சொல்றீங்க ஐயா? ஆங். அதேதான். ரெண்டும் வேற நோவுதானே? வயசு ஒன்னா இருந்தாலும் வேறதானே? சரி. சரி. இப்ப இன்னும் ஒன்னு. அந்த நோவுல முழங்கையில கட்டி வருமா? இந்தா, இந்த எலும்பு முனைக்குக் கொஞ்சம் கீழ. சுண்டக்கா அளவுக்கு ரெண்டு மூனு. தோலுக்கு அடியில. அமுத்தினா லேசா நழுவும், நோகாது.

வரும்ங்கிறீங்க. இன்னொருக்கா சொல்லுங்க ஐயா. அந்த நோவுலதான் வரும், நல்லா முத்தினவங்களுக்கு வரும். காய்ப்பு வேற, கட்டி வேற. என் உள்ளங்கையில பாருங்க, இது காய்ப்பு. தோலோட தோலா இருக்கு, நழுவாது. கண்ண மூடிக்கிட்டுத் தொட்டாலும் டொக்டர் ஒருத்தரு வித்தியாசம் கண்டுபுடிச்சிருவாரா? கண்டுபுடிச்சிருவீங்க. அப்பாடா. நல்லா இருங்க ஐயா, ஒங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்.

அந்தக் கட்டிக்காகத்தான் ஐயா அவர புடிச்சு வச்சிருக்காங்க.

பொலிசுதான். முந்தாநாத்து காலையிலருந்து. வேற ஒரு குத்தமும் இல்ல, முழங்கைதான் குத்தம். ஐயா, பேனாவ வச்சிராதீங்க. எந்திரிக்காதீங்க, ஒங்களக் கும்புடுறேன். நான் ஒன்னும் கத்தப் போறதில்ல, அழுது ஊரக் கூட்டப் போறதில்ல. அழுகணும்னா பஸ்ஸுலயே அழுதிருப்பேன்.

எப்படியா? சொல்றேன். இந்த மாசித் தேருக்கு, நம்ம முத்துமாரி கோயில்ல உருண்டு குடுக்கிறேன்னு நேந்துக்கிட்டாரு. கண்டிக்குப் போங்கன்னு மிஸ்ஸி சொன்னா, மொதல்ல ஆத்தாகிட்ட உருளுறேன், அப்புறம் கண்டின்னுட்டாரு. புத்தி! வெட்டிப்போட்டாலும் மாறாத புத்தி! ஈரத்துணியோட, விடியக்காலம், கோயிலச் சுத்தி உருளணும். கைய ரெண்டையும் தலைக்கு மேல கும்புட்டு நீட்டிக்கிட்டுத்தானே எல்லாரும் உருளுவாங்க? அந்த நேரத்துல இவருக்குக் கை எங்க நீளும்? தோளும் தூக்க முடியல. அதனால முழங்கைய மடக்கி நெஞ்சுக்கிட்ட வச்சுக்கிட்டு உருண்டாரு. ஒவ்வொரு பொரட்டுக்கும் ஒடம்புப் பாரமெல்லாம் அந்த முழங்கையில. கீழ சீமெந்து, மேல கப்பி மண்ணு. மூனு சுத்து. எந்திரிச்சு நின்னப்ப கட்டிக்கு மேல தோலெல்லாம் உரிஞ்சு ரத்தம். முட்டியும் அப்படித்தான். அதுக்கு மேல விபூதி வேற அள்ளி அப்பிக்கிட்டாரு, ஆத்தா பாத்துக்கிருவான்னு.

அந்தப் புண்ணு பக்கு கட்டி கறுத்துப் போயிருச்சு. இப்ப நீங்களே சொல்லுங்க, தெரியாதவங்க பாத்தா என்ன நெனப்பாங்க? முழங்கையும் முட்டியும் மட்டும் தேஞ்சு, கறுத்து, தடிச்சு. தம்புள்ளையில பஸ்ஸுல குண்டு வெடிச்சதுலருந்து, தமிழ் ஆளுன்னா சட்டைக் கையச் சுருட்டித்தானே பாக்குறாங்க. இயக்கத்துல சேந்து துப்பாக்கியோட தரையில தவண்டு பழகினவனுக்கு அங்கதான் அடையாளம் இருக்குமாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கண்டிக்குப் போகத்தான் வந்தாரு ஐயா, சத்தியமா. தேர் முடிஞ்சு ஒடம்பு தேறட்டும்னு இருந்து, முந்தாநாத்து மொத பஸ்ஸப் புடிச்சாரு. அலுவிகாரைக்கு இந்தப் பக்கம் செக்பொயின்ட்ல எல்லாரையும் எறக்கி நடக்கச் சொன்னாங்க. பனி. இன்னும் சரியா விடியல. கைய மேல தூக்குன்னாங்க, இவரு பாதிதான் தூக்குனாரு. கைய விரின்னான் ஒரு பொடியன். ஆமிக்காரன்தான், ஆனா பொடியன், மீச கூட மொளைக்கல. விரியல. விரிக்க முடியல ஐயா அந்த நேரத்துல! அவன் ரெண்டு எட்டு பின்னால போனான். உள்ளங்கையில என்னமோ வச்சிருக்கான்னு நெனச்சுட்டான். துப்பாக்கிய நெஞ்சுக்கு நேரா நீட்டிட்டான். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல போயி நின்னு, நோவாளி ஐயா, நோவாளின்னு அவங்க பாஷையில, அசனீப்ப மாத்தியா, அசனீப்பன்னு கத்துறேன், எனக்குத் தெரிஞ்ச சிங்களமெல்லாம் அந்த ஒரு சொல்லுதான்னு ஆகிப்போச்சு. அப்புறம் பெரியவன் ஒருத்தன் வந்து, இவர மண்டி போட வச்சு, ஒவ்வொரு வெரலா இழுத்துத் தொறந்தான். ஒன்னும் இல்ல. வெறுங்கை. வெரலு தொறக்கும்போது வந்த சத்தத்தக் கேட்டு பஸ்ஸுல வந்த பொம்பளைங்க மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. அத்தோட விட்டிருப்பான். மண்டி போட்டப்ப சட்டைக் கை ஏறி முழங்கை தெரிஞ்சுபோச்சு.

ஆமா ஐயா. நான்தான் பக்கத்துல நின்னேன். பக்கத்து காம்பராக்காரரு கூட நான் எதுக்குக் கண்டிக்குப் போறேன்? நல்லாக் கேட்டீங்க.

எங்க வீட்டுக்காரருதான்.

பொய் சொன்னதுக்குக் கோவிச்சுக்காதீங்க. என் புருசன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, பொலிசு புடிச்ச ஆளுன்னு சொல்லியிருந்தா, நீங்க நோவக் கேட்டிருப்பீங்களா? ஆளைத்தான் கேட்டிருப்பீங்க. எந்த ஊரு, யாரு சொந்தம், எங்க போயிட்டு வந்தான்னு. எனக்கு நோவ மட்டும் கேக்குற டொக்டர் வேணும். கேட்டீங்க. இது தேய்மானம் இல்ல, கட்டி வரும், காய்ப்பு வேற கட்டி வேறன்னு ஒங்க வாயாலயே சொன்னீங்க. ஆளத் தெரியாம சொன்னதுதானே ஐயா நெசமான வைத்தியம்?

வக்கீலா? போகாம இருப்பேனா. இங்க மாத்தளையிலயே ரெண்டு பேர பாத்தேன். ஒருத்தரு இப்ப இதுல கைய வைக்க முடியாதுன்னுட்டாரு. இன்னொருத்தரு விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பினதுக்கு அப்புறம் வான்னாரு. கொழும்புக்கு அனுப்பினதுக்கு அப்புறம் வந்து என்ன செய்ய? எங்க தோட்டத்துலருந்து ஒரு பொடியன அப்படிக் கொண்டுபோனாங்க, அவங்க அம்மா இன்னும் ஒவ்வொரு அரசாங்கக் கச்சேரியா ஏறி எறங்குது. தோட்டத்துத் தொரைகிட்டயும் போனேன். நல்ல தொரைதான், பயந்த தொரை. ரெண்டு வருசமா கள்ள வருத்தம்னு பேரெடுத்தவனுக்கு நான் எப்படி சாட்சி சொல்றதுன்னு கேட்டாரு. அந்தப் பேரு எங்க வந்து நிக்குது பாருங்க.

ஸ்டேஷனுக்குள்ள என்னைய விடலீங்க. எதுத்தாப்புல ஜுனைதீன் நானா தேத்தண்ணிக்கடை இருக்கு, அவருதான் உள்ள தேத்தண்ணி கொண்டுபோறவரு. அவரு சொல்லித்தான் எல்லாம் தெரியும். நேத்து காலையில இவருகிட்ட கிளாஸ நீட்டியிருக்காரு, வாங்க முடியாம கீழ விட்டு ஒடச்சிருச்சு மனுசன். சார்ஜன் மாத்தியா பாத்துக்கிட்டே இருந்தாராம். சாயங்காலம் மறுபடி தேத்தண்ணி. அப்ப ஒரு கையால வாங்கி, குடிச்சு, கிளாஸத் தொடச்சுத் திருப்பிக் குடுத்திருக்காரு! தொடச்சுக் குடுத்தாராம் ஐயா! அந்த மரியாதையெல்லாம் அங்க எதுக்கு? சார்ஜனுக்கு அப்பதான் முழுசா சந்தேகம். காலையில வராத கையி சாயங்காலம் எப்படி வருது, நடிக்கிறான்னுட்டாரு. பாருங்க, கங்காணி சொன்ன அதே வார்த்தை. ஆனா அந்த சார்ஜன் கெட்டவரு இல்லன்னுதான் நானா சொல்றாரு. அடிக்கல. நோவா, வேஷமான்னு டொக்டர் ஒருத்தரு பாத்துச் சொல்லட்டும், நோவுன்னா விட்டுர்றேன், இல்லன்னா ஒடனயே கொழும்புக்கு அனுப்பிர்றேன்னு சொன்னாராம்.

ஐயா, ஏன் வாசப்பக்கமே திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க? தண்ணி குடிங்க. பயந்தா நானும் பயந்துதானே இருக்கேன். நீங்களும் ஒங்க ஊரு பேர ஐடென்டி கார்டுல வச்சுக்கிட்டு இதே ரோட்டுல போறவரு, ஒங்களுக்கும் சட்டைக் கையச் சுருட்டிக் காட்டச் சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரியாதா? ஒரு தமிழ் டொக்டரு ஒரு தமிழனுக்கு நல்லது சொன்னா என்ன கேப்பாங்கன்னும் தெரியும். அதனாலதான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன், போவமா வேணாமான்னு. ஒங்கள மாட்டிவிட்டுட்டு என் புருசன வெளிய எடுத்தா அந்தப் பாவம் என் புள்ளைங்களச் சுத்தும். அதனால பொய் ஒன்னும் கேக்க வரல. ஒரு பொய்யும் வேணாம்.

ஏன் ஒங்ககிட்ட சொல்றேன்னா கேக்குறீங்க?

இன்னைக்கு நாலு மணிக்கு அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றாங்க ஐயா. பாக்கப்போற டொக்டர் நீங்கதான். ஒங்க பேரச் சொல்லித்தான் சார்ஜன் போன்ல பேசினாராம், நானா காதால கேட்டுட்டு வந்து சொன்னாரு. ஒங்களுக்கு இன்னும் சொல்லலயா? சொல்லுவாங்க. போனதும் சொல்லுவாங்க. இராசமாணிக்கம்னு பேரு.

நாலு மணிக்கு அவரு கையி தொறந்துரும். அதான் ஐயா எனக்குப் பயம். மடக்குன்னா மடக்குவாரு, விரின்னா விரிப்பாரு, ஒங்களக் கண்டதும் ரெண்டு கையையும் கூப்பி அழகாக் கும்புடுவாரு. பொலிசு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க. நோகுதான்னு நீங்க கேட்டா, பரவாயில்லீங்க ஐயான்னு சொல்ற மனுசன். பெரியவங்க கேக்கும்போது நோவுதுன்னு சொன்னா அது மரியாதையில்லன்னு நெனைக்கிற மனுசன். அந்தக் கையப் பாத்துட்டு நீங்க என்ன எழுதுவீங்க? கட்டிய நீங்க தொட்டுக் கண்டுபுடிச்சிருவீங்க, நம்புறேன். ஆனா சார்ஜன் கட்டியத் தொட மாட்டாரே. அவரு அந்தக் கும்புடுற கையத்தானே பாப்பாரு. தமிழ் டொக்டரு தமிழனுக்குச் சொல்றான்னுதானே நெனப்பாரு.

அதனால ஒன்னே ஒன்னு. ஒரு ராத்திரி வார்டுல போடுங்க. ரத்தம் பாக்கணும்னு சொல்லுங்க, அது நெசந்தானே, பாக்கத்தானே வேணும். காவலுக்குப் பொலிசு நிக்கட்டும், கட்டிலோட சேத்து வெலங்கு போட்டாலும் போடட்டும். விடியிற நேரத்துல, சுடுதண்ணி படமுந்தி, யாரும் தைலம் தேய்க்கமுந்தி, அந்த சார்ஜன கட்டிலுக்குப் பக்கத்துல கூப்புட்டு வச்சு, அவரு கையாலயே இவரு கையத் தொறக்கச் சொல்லுங்க. இழுக்காம, நோகாம, அந்தக் கைய அவரு தொறந்துட்டாருன்னா, கொழும்புக்கே கொண்டுபோகட்டும் ஐயா. நான் ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.